தொடும் இடத்தில் பிறக்கும் வெப்பம்: உராய்வுப் பற்றவைப்பும் கணினி மாதிரியும்

போடிமெட்டிலிருந்து முந்தலை நோக்கி 17 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் மலைச்சாலையில், ஏலத்தோட்டத்துச் சுமையோடு 2 டன் எடையுள்ள ஒரு ஜீப் ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழிறங்கும்போது அது கைவிடும் உயர ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல் ஆகும். அறை வெப்பநிலையில் இருக்கும் 1 கிலோ அலுமினியத்தைச் சூடாக்கி முழுவதும் உருக்கச் சுமார் 10.5 லட்சம் ஜூல் போதும் என்பதால், அந்த ஆற்றல் அத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்தால் 18 கிலோ அலுமினியம் உருகிவிடும். அவ்வாறு நேர்வதில்லை, எஞ்சினும் காற்றும் ஒரு பங்கைத் தடுத்து எடுத்துக்கொள்ள, எஞ்சியது பிரேக் லைனிங்கும் டிரம்மும் உரசுகிற மெல்லிய பரப்பில் வெப்பமாகப் பிறந்து, இரும்பின் வழியே பரவி, மலைக்காற்றில் கலந்துவிடுகிறது. மொத்த ஆற்றல் எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூடத்துக் கணக்கே சொல்லிவிடும். டிரம் எத்தனை டிகிரி சூடேறும் என்று கேட்டால் மட்டும், எவ்வளவு பரப்பு உண்மையில் தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது, பிறந்த வெப்பத்தில் எந்தப் பங்கு எந்தப் பக்கம் போகிறது என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன. உராய்வைப் பற்றிய கணக்குகள் யாவும் இங்கேதான், இரு பொருள்கள் தொடும் இடத்தில்தான், கடினமாகின்றன.

பிரேக்கில் வேண்டாத விளைவாகப் பிறக்கும் இதே வெப்பத்தை வேண்டிப் பெற்று, அலுமினியத் தகடுகளை உருக்காமலே ஒன்றாக இணைக்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு. பட்டறைகளில் ‘பிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங்’ என்றே வழங்கும் அதனைத் தமிழில் உராய்வுக் கிளறல் பற்றவைப்பு எனலாம். உலோகத்துக்குள்ளே நடப்பதைக் கண்ணால் காண முடியாத இந்த முறையைக் கணினியில் உருவாக்கப்படும் கணித மாதிரிகளின் துணையோடுதான் பொறியாளர்கள் புரிந்துகொண்டு வருகிறார்கள். அந்த மாதிரிகள் எவற்றை நம்பத்தக்கவாறு சொல்கின்றன, எங்கே தடுமாறுகின்றன, தடுமாறும்போது எதைத் துணைக்கு அழைக்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருக்காமல் இணைப்பது

அலுமினியத்தைப் பற்றவைப்பது எஃகைப் பற்றவைப்பதைவிடக் கடினம் என்பது வெல்டிங் தொழிலில் இருப்பவர் அனைவரும் அறிந்தது. தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் அதன் மேற்பரப்பை எப்போதும் மூடியிருக்கும் ஆக்சைடு படலம் உருகுவதற்கு 2,000 டிகிரிக்கும் மேலான வெப்பம் வேண்டும். உருகிய அலுமினியம் திட அலுமினியத்தைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கக் கூடியது. ஆகவே அது உறையும்போது வெளியேற வழியில்லாத வாயு நுண்குமிழிகளாக உள்ளேயே தங்கி, இணைப்பில் பொத்தல் விழச் செய்கிறது. தாமிரம் கலந்த 2000 வரிசைக் கலவைகளும் துத்தநாகம் கலந்த 7000 வரிசைக் கலவைகளும் வலிமையில் சிறந்தவை என்பதால் விமானத்துக்கும் ஏவூர்திக்கும் உகந்தவை. இருந்தும் அவற்றுள் பல உருகி உறையும் கட்டத்தில் வெடிப்பு விடுவதால், நெடுங்காலம் அவற்றைப் பற்றவைப்பதற்குப் பதிலாக ரிவெட் அடித்தே இணைத்து வந்தனர்.

1991-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் அவருடைய உடனாய்வாளர்களும் இந்தச் சிக்கல்களை வேரோடு தவிர்க்கும் வழியைக் கண்டனர். அலுமினியத்தைவிடக் கடினமான எஃகால் செய்த ஒரு கருவி. அதன் அடிப்பகுதி தட்டையான வட்டம், அதற்குத் ‘தோள்’ என்று பெயர். தோளின் நடுவே, தகட்டின் கனத்தைவிடச் சற்றே குறைந்த நீளத்தில், ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். இரு தகடுகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து, கீழே ஒரு தாங்குத்தகடு வைத்து, அசையாமல் கிளாம்ப் போட்டு இறுக்கிய பின், சுழலும் கருவியை மேலிருந்து அழுத்தினால், முளை உலோகத்துக்குள் புதைந்து தோள் மேற்பரப்பில் பதியும். உரசலில் பிறக்கும் வெப்பத்தால் சுற்றியுள்ள உலோகம் குழைந்து கொடுக்கும். அந்நிலையில் கருவியைச் சேர்க்கை வரி நெடுக நகர்த்தினால், குழைந்த உலோகம் முளையைச் சுற்றிப் பின்னே சென்று, தோளின் அழுத்தத்தில் இறுகி, ஒரே உடலாகிவிடும். வெப்பநிலை பெரும்பாலும் உருகுநிலைக்குக் கீழேயே நின்றுவிடுவதால் குமிழியும் உறைவு வெடிப்பும் எழுவதில்லை. நிரப்புக் கம்பி வேண்டாம், புகையும் கண்ணைக் கூசும் ஒளியும் இல்லை. அமெரிக்காவின் டெல்டா ஏவூர்திகளின் எரிபொருள் தொட்டிகளும், ஜப்பானில் ஓடும் அலுமினிய ரயில் பெட்டிகளும், இன்றைய மின்வாகனங்களின் பேட்டரிப் பெட்டிகளும் இம்முறையால் இணைக்கப்பட்டவை.

தேனி மாவட்டத்தில் கேழ்வரகுக் களி கிண்டுவோருக்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. துடுப்பை ஒட்டிய களி துடுப்போடு சுற்றுகிறது. சற்றுத் தள்ளியிருப்பது மெல்ல இழுபடுகிறது. பானையின் ஓரத்தில் இருப்பது அசையாமல் கிடக்கிறது. பற்றவைத்த அலுமினியத்தைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இதே அடுக்குகள் தெரிகின்றன. நடுவே மணிகள் மிக நுண்ணியதாகப் புதுப்பிறவி எடுத்த கிளறல் மண்டலம். அதை அடுத்து வெப்பத்தாலும் இழுபடலாலும் உருமாறிய மண்டலம். அதற்கும் அப்பால், இழுபடாமல் வெப்பத்தை மட்டும் கண்ட மண்டலம். கடைசியாக, மாற்றமே காணாத தாய் உலோகம். கிளறல் மண்டலத்தில் வெங்காயத்தை அறுத்தாற்போல் வளையங்கள் தெரிவதும் உண்டு. கருவி நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுழன்று 120 மில்லிமீட்டர் நகர்கிறது என்றால், ஒரு சுற்றுக்கு 0.12 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. அடுத்தடுத்த வளையங்களின் இடைவெளியும் அதே அளவாக அமைவதிலிருந்து, ஒவ்வொரு சுற்றும் தன் தடத்தை உலோகத்துக்குள் விட்டுச் செல்கிறது என்பது விளங்கும்.

முதல் நிலை: வெப்பத்தின் கணக்கு

சுழல் வேகம், நகர்வேகம், அழுத்து விசை, தோளின் விட்டம், முளையின் வடிவம், கருவியின் சாய்வு என மாற்றக்கூடியவை பல. ஒவ்வொன்றையும் மாற்றிப் பற்றவைத்து, அறுத்து, இழுத்துப் பார்த்துத்தான் உகந்த சேர்மானத்தைக் கண்டறிய வேண்டும் என்றால் தகடும் காலமும் பணமும் பெருமளவில் கரைந்துவிடும். ஒரு ஏவூர்தித் தொட்டியின் அளவில் அவ்வாறு முயன்று பார்ப்பதற்கே வழியில்லை. கணினி மாதிரியின் தேவை இங்கே தொடங்குகிறது.

ஒரு வெப்ப மூலம் தகட்டின் மீது சீராக நகர்ந்தால் சுற்றிலும் வெப்பநிலை எவ்வாறு பரவும் என்பதற்கு, கணினிகள் பரவுவதற்கு முன்பே, 1940-களில், டானியல் ரோசென்தால் காகிதத்திலேயே தீர்க்கக்கூடிய சமன்பாட்டைத் தந்திருந்தார். மின்வில் பற்றவைப்புக்காக எழுதப்பட்ட அக்கணக்கை உராய்வுப் பற்றவைப்புக்குப் பொருத்த முனைந்தபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. மின்வில்லில் வெப்பத்தின் அளவை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி அறியலாம். உராய்வில் அதை அறிய, கருவிக்கும் உலோகத்துக்கும் இடையே நிகழும் தொடர்பை அறிந்தாக வேண்டும். டென்மார்க்கின் ஷ்மிட், ஹாட்டல், வெர்ட் ஆகியோர் 2004-இல் இதற்கு ஒரு தெளிவான வாய்பாட்டை அளித்தனர். கருவி உலோகத்தின் மீது வழுக்கிச் செல்லலாம். அல்லது உலோகம் கருவியோடு ஒட்டிக்கொண்டு தானும் சுழல, ஒட்டிய படலத்துக்கு அடியில் உலோகமே உலோகத்தின் மீது அறுபடலாம். அல்லது இவ்விரண்டும் பாதிப்பாதியாக நிகழலாம். மூன்று நிலைகளையும் ஒரே எண்ணால் குறிக்கலாம் என்பதும், ஒட்டிய நிலையில் பிறக்கும் வெப்பத்தைச் சுழல் வேகம், உலோகத்தின் அறுபடு வலிமை, கருவியின் வடிவம் ஆகிய மூன்றிலிருந்தே கணக்கிடலாம் என்பதும் அவர்கள் காட்டியவை.

அக்கணக்கை ஒருமுறை கிட்டத்தில் செய்து பார்ப்பது பயனுள்ளது. 6 மில்லிமீட்டர் தகட்டுக்கு, 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோளும் 6 மில்லிமீட்டர் விட்டமும் 5.7 மில்லிமீட்டர் நீளமும் உள்ள முளையும் கொண்ட ஒரு கருவி நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுழல்வதாகவும், சூட்டில் குழைந்த அலுமினியத்தின் அறுபடு வலிமை 20 மெகாபாஸ்கல் என்றும் கொள்வோம். மொத்த வெப்பம் வினாடிக்குச் சுமார் 3,900 ஜூல், அதாவது 3,900 வாட் என்று வருகிறது; முழுச் சூட்டில் வைத்த இரண்டு இண்டக்ஷன் அடுப்புகள் தரும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமமானது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டத்துக்குள் பிறக்கிறது. இதில் சுமார் 80 விழுக்காடு தோளிலும், 17 விழுக்காடு முளையின் பக்கங்களிலும், 3 விழுக்காடு மட்டும் முளையின் நுனியிலும் தோன்றுகிறது. மையத்திலிருந்து தொலைவு கூடக்கூட உரசும் பரப்பும் மிகுகிறது, சுழலும் வேகமும் மிகுகிறது என்பதே தோளின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம். கிளறுவது முளையின் வேலை, சூடாக்குவது பெரும்பாலும் தோளின் வேலை என்ற இந்தத் தெளிவே, கருவியை வடிவமைப்போருக்கு மாதிரி தந்த முதல் பரிசாகும்.

இதே கணக்கில் அறுபடு வலிமையை 20-க்குப் பதிலாக 25 என்று எடுத்துக்கொண்டால் வெப்பம் 4,800 வாட்டைத் தாண்டிவிடுகிறது. ஆனால் இயற்கை அவ்வாறு தாண்ட விடுவதில்லை. வெப்பம் மிகுந்தால் உலோகம் மேலும் குழைகிறது. குழைந்தால் அறுபடு வலிமை குறைகிறது. அது குறைந்தால் பிறக்கும் வெப்பமும் குறைகிறது. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இந்தச் சுழற்சியால்தான், கருவியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் வெப்பநிலை உருகுநிலையை நெருங்கும்போது தணிந்துவிடுகிறது. ஆகவே வெப்பநிலையைக் கணக்கிட வலிமை வேண்டும், வலிமையைக் கணக்கிட வெப்பநிலை வேண்டும் என்ற நிலை உருவாகிறது. இரண்டையும் மாறி மாறித் திருத்தி, விடை நிலைபெறும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் பொறுமை மனிதருக்கு அரிது, கணினிக்கு இயல்பு.

இரண்டாம் நிலை: திடப்பொருளின் ஓட்டம்

வெப்பத்தை அடுத்து எழும் கேள்வி, குழைந்த உலோகம் எவ்வழியே நகர்கிறது என்பது. உருகாத உலோகத்தைத் திரவமாகக் கருதிக் கணக்கிடுவது முதலில் முரணாகத் தோன்றினாலும், வேண்டிய அளவு சூடேறி, வேண்டிய அளவு வேகமாக இழுபடும் அலுமினியம் மிகக் கெட்டியான குழம்பைப்போலவே நடந்துகொள்கிறது. அக்குழம்பின் கெட்டித்தன்மை வெப்பநிலையையும் இழுபடும் வேகத்தையும் சேர்த்துப் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒரே எண்ணாக மடக்கித் தரும் சீனர்–ஹாலமன் அளவு 1944-லிருந்து உலோகவியலாளர் கையில் இருக்கிறது. அதன் துணையோடு, பாய்மங்களுக்கென எழுதப்பட்ட கணினி நிரல்களைக் கொண்டே கேம்பிரிட்ஜின் கோல்குரோவ், ஷெர்கிளிஃப் ஆகியோரும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர். நந்தன், தாராசங்கர் தேப்ராய் ஆகியோரும் முளையைச் சுற்றி அலுமினியம் ஓடும் முப்பரிமாணப் படத்தை உருவாக்கினர்.

கணக்கிடும் முறையில் இரு பார்வைகள் உள்ளன. போடியை ஒட்டி ஓடும் கொட்டகுடி ஆற்றின் கரையில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, கடந்து போகும் நீரின் வேகத்தை அளந்துகொண்டிருப்பது ஒரு பார்வை; ஆற்றில் விழுந்த ஓர் இலையை அது போகுமிடமெல்லாம் பின்தொடர்வது மற்றொன்று. முதலாவதை ஆய்லர் முறை என்றும் இரண்டாவதை லக்ராஞ்சு முறை என்றும் அறிவியலாளர் குறிப்பிடுவர். ஆய்லர் முறையில் எவ்வளவு பெரிய ஓட்டத்தையும் தடையின்றிக் கணக்கிடலாம். ஆனால் உலோகத்தின் மேற்பரப்பு எங்கே முடிகிறது, உள்ளே எங்கே வெற்றிடம் விழுகிறது என்பது மங்கிவிடும். லக்ராஞ்சு முறையில் மேற்பரப்பு தெளிவாக இருக்கும். ஆனால் உலோகத்தோடு சேர்ந்து கணக்குக் கட்டங்களும் முறுக்கிக்கொண்டு, சில சுற்றுகளிலேயே பயனற்றுப் போகும். இரண்டையும் இணைத்து, கருவியை ஒரு முறையிலும் உலோகத்தை மற்றொரு முறையிலும் கணக்கிடும் கலப்பு மாதிரிகள், இணைப்புக்குள் நெடுக ஓடும் ‘சுரங்கத் துளை’ என்னும் குறைபாட்டைக்கூட முன்கூட்டிக் காட்டக்கூடியவை. இக்குறைபாடு மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தோளின் அடியில் உலோகம் நிறையாமல் விட்ட வெற்றிடமாக உள்ளேயே பதுங்கியிருக்கும் என்பதால், அதை முன்னறிவது பெரும் பயனாகும்.

கட்டங்களின் அளவைப் பொறுத்தே விடையின் நுணுக்கமும் அமையும். போடியின் ஏலக்காய் வணிகர்கள் காயைச் சல்லடையில் இட்டு 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் எனத் தரம் பிரிக்கும்போது, சல்லடைக் கண்ணைவிட நுண்ணிய வேற்றுமை எதுவும் அவ்வழியே புலப்படாது. கணினி மாதிரியும் அப்படித்தான்: 1 மில்லிமீட்டர் கட்டங்களால் ஆன மாதிரி வெப்பநிலையை நன்றாகவே சொல்லும், ஆனால் 0.12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள வெங்காய வளையத்தை ஒருபோதும் காட்டாது. கட்டத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால், மூன்று திசையிலுமாகக் கட்டங்களின் எண்ணிக்கை ஆயிரம் மடங்காகும். ஒவ்வொரு கட்டத்தையும் தவறாமல் பின்தொடரக் காலத்தையும் நுண்ணிய துண்டுகளாக வெட்ட வேண்டியிருக்கும். தோளின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 940 மில்லிமீட்டர் வேகத்தில் சுழல, கருவியோ வினாடிக்கு 2 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது என்பதால், சிறு தொலைவைப் பற்றவைப்பதைக் கணக்கிடவும் எண்ணற்ற சுற்றுகளைத் தொடர வேண்டும். பட்டறையில் சில வினாடிகளில் முடிவதற்குக் கணினி பல மணி நேரம் எடுத்துக்கொள்வதன் காரணம் இதுவே.

ஓட்டத்தைக் கணக்கிட்டால் மட்டும் போதாது. அது உண்மைதானா என்று சோதிக்கவும் வேண்டும். 1999-இல் கெவின் கோலிகன் தகடுகளுக்குள் 0.4 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள எஃகுக் குண்டுகளை வரிசையாகப் பதித்து வைத்து, கருவி அவற்றைக் கடக்கும் நேரத்தில் சட்டென்று நிறுத்தி, எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். குண்டுகள் கிடந்த இடங்களைக் கொண்டு, உலோகம் முழுவதும் சுழன்று கலப்பதில்லை, பெரும்பகுதி முளையின் ஒரு பக்கமாகப் பிதுங்கிப் பின்னால் படிகிறது என்பது தெரியவந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. குமாரும் சதீஷ் வி. கைலாஸும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. கருவி உலோகத்தைத் தொடும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்த அவர்கள், முளை செலுத்தும் ஓட்டம் ஒன்று, தோள் செலுத்தும் ஓட்டம் மற்றொன்று என இரு ஓட்டங்கள் உண்டு என்றும், தோள் வேண்டிய அளவு அழுந்தி அவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தால்தான் குறையற்ற இணைப்புக் கிடைக்கும் என்றும் காட்டினர்.

மூன்றாம் நிலை: வலிமையும் எஞ்சிய இறுக்கமும்

பொறியாளருக்கு இறுதியில் வேண்டியது வெப்பநிலையோ ஓட்டமோ அன்று. இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதே அவருடைய கேள்வி. 6061 போன்ற கலவைகளின் வலிமை, அவற்றுள் பல்கிக் கிடக்கும் மக்னீசியம்–சிலிக்கன் நுண்துகள்களிடமிருந்து வருகிறது. தொழிற்சாலையில் 160 முதல் 180 டிகிரி வரையான வெப்பத்தில் மணிக்கணக்கில் பதப்படுத்தி அத்துகள்களை வளர்க்கிறார்கள். பற்றவைக்கும்போது கிளறல் மண்டலத்தில் அவை கரைந்துபோகின்றன. சற்றுத் தள்ளியுள்ள இடத்தில் கரையாமல் பருத்து, எண்ணிக்கையில் குறைந்துவிடுகின்றன. இணைப்பை இழுத்துப் பார்த்தால் நடுவே அறுபடாமல், பக்கத்தில் மென்மையடைந்த பகுதியில் அறுபடுவது இதனால்தான். ஓர் இடம் எவ்வளவு சூடானது என்பதோடு எவ்வளவு நேரம் சூடாக இருந்தது என்பதையும் மாதிரி சொல்ல வேண்டும். வெப்பத்தின் வரலாற்றைத் துகள்களின் வரலாறாகவும், அதைக் கடினத்தன்மையாகவும் மாற்றுவதே மூன்றாம் நிலை மாதிரிகளின் பணி.

இதனோடு சேர்ந்ததே எஞ்சிய இறுக்கம். அலுமினியம் 400 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் நீள முயல்கிறது. சுற்றிலும் குளிர்ந்த உலோகமும் கிளாம்ப்களும் அதை நீள விடுவதில்லை. நீள முடியாமல் அமுங்கிய பகுதி குளிரும்போது சுருங்க முயன்று, சுற்றியுள்ளதை இழுத்துக்கொண்டு நிற்கிறது. கிளாம்பை எந்தக் கணத்தில் விடுவிப்பது என்பது தகடு நெளியுமா நிமிர்ந்து நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் என்பதால், கிளாம்பையும் மாதிரிக்குள் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சிதம்பரத்தில் வேறொரு வழி

இயற்பியலின் அடிப்படையிலிருந்து தொடங்கும் இம்மாதிரிகளுக்கு இணையாக, சோதனைகளின் அடிப்படையிலிருந்து தொடங்கும் மாதிரிகளும் உண்டு. அவ்வகையில் தமிழ்நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உற்பத்திப் பொறியியல் துறையைச் சார்ந்த பொருள் இணைப்பு ஆய்வு மையத்தில், வி. பாலசுப்பிரமணியனும் கே. இளங்கோவனும் ஏவூர்தித் தொட்டிகளுக்கு உகந்த 2219 கலவையை ஐந்து வகை முளைகளால் பற்றவைத்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். உருளை, குறுகும் உருளை, மரையிட்ட உருளை, முக்கோணம், சதுரம் என்ற ஐந்தில் சதுர முளையே சிறந்த இணைப்பைத் தந்தது. உருளை உலோகத்தை வழுக்கித் தள்ள, சதுரத்தின் நான்கு விளிம்புகளும் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு முறை உலோகத்தை உதைக்கின்றன. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் வினாடிக்கு 80 உதைகள். அந்தத் துடிப்பே உலோகத்தை நன்கு கலக்கிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அடுத்து அவர்கள் செய்தது, திட்டமிட்ட வரிசையில் சோதனைகளை நடத்தி, அவற்றின் முடிவுகளுக்கு ஒரு கணித வாய்பாட்டைப் பொருத்துவது. 2009-இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஏ. கே. லட்சுமிநாராயணனும் பாலசுப்பிரமணியனும் 7039 கலவையைப் பற்றவைக்கும் சுழல் வேகம், நகர்வேகம், அழுத்து விசை ஆகியவற்றிலிருந்து இணைப்பின் இழுவலிமையை முன்னறியும் இரு வழிகளை ஒப்பிட்டனர். ஒன்று, மறுமொழிப் பரப்பு முறை எனப்படும் புள்ளியியல் வாய்பாடு; மற்றொன்று, மூளையின் நரம்புப் பின்னலைப் பார்த்து உருவாக்கப்பட்ட செயற்கை நரம்பு வலையமைப்பு. இரண்டாவதே கூடுதல் துல்லியத்தோடு கணித்தது. இன்று எல்லாத் துறைகளிலும் பேசப்படும் எந்திரக் கற்றல் என்னும் முறையைக் கொள்ளிடக் கரைக்கு அருகே அன்றே பற்றவைப்புக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது பெருமைக்குரியது.

இவ்வகை மாதிரிகளுக்கு ஓர் எல்லை உண்டு. சோதனை நடந்த எல்லைக்குள் அவை சிறப்பாகச் சொல்லும்; தகட்டின் கனத்தையோ கலவையையோ மாற்றினால் மீண்டும் சோதனையிலிருந்தே தொடங்க வேண்டும். இயற்பியல் மாதிரி எங்கும் பொருந்த முயல்கிறது, ஆனால் துல்லியத்தில் தயங்குகிறது. சோதனை மாதிரி துல்லியமாகச் சொல்கிறது, ஆனால் தன் ஊரைவிட்டு வெளியே வருவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று திருத்தும்போதே பயன் முழுமையாகிறது.

தொடும் இடத்தின் புதிர்

இயற்பியல் மாதிரி எங்கே தயங்குகிறது என்று தேடிப் போனால், ஒவ்வொரு முறையும் அது தொடும் இடத்தில்தான் வந்து நிற்கும். அலுமினியத்தின் அடர்த்தி, வெப்பக் கடத்தல், விரிவு ஆகியவை நூல்களில் அச்சான எண்கள். ஆனால் 450 டிகிரி வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில், எஃகுக் கருவி அலுமினியத்தின் மீது வழுக்குகிறதா ஒட்டுகிறதா, அங்கே உராய்வுக் கெழு எவ்வளவு என்பதற்கு எந்த நூலிலும் ஒரே விடை கிடைக்காது. தகட்டின் அடியில் தாங்குத்தகடு எவ்வளவு நெருக்கமாகத் தொடுகிறது, அவ்வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதும் அப்படியே. தோளுக்கு நேர் கீழே அழுத்தம் மிகுந்து தொடர்பு நெருக்கமாகவும், தள்ளிப் போகப் போக நெகிழ்வாகவும் இருக்கும் என்பதால் அந்த எண் இடத்துக்கு இடம் மாறும்.

ஆகவே மாதிரியை எழுதுவோர், தகட்டில் சில இடங்களில் நுண்துளையிட்டுத் தெர்மோகப்பிள் என்னும் வெப்பமின் இணைக்கம்பிகளைச் செருகி, வெப்பநிலையை அளந்து, அளந்ததோடு கணக்கு ஒத்துப்போகும் வரை தெரியாத எண்களைத் திருத்துகிறார்கள். இது தவிர்க்க முடியாதது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உராய்வைச் சற்றுக் கூட்டினாலும் தாங்குத்தகட்டு வழியாகும் இழப்பைச் சற்றுக் குறைத்தாலும் ஓரிடத்தின் வெப்பநிலை ஒரே மாதிரி உயரும் என்பதால், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டி, தவறான காரணத்தால் சரியான விடை வந்துவிடலாம். வரைபடத்தில் இரு கோடுகளும் அழகாகப் பொருந்தியிருப்பது மாதிரி சரி என்பதற்குச் சான்றாகிவிடாது. திருத்துவதற்குப் பயன்படுத்தாத வேறொரு அளவை, எடுத்துக்காட்டாகக் கருவியைச் சுழற்றத் தேவைப்பட்ட முறுக்கு விசையை, மாதிரி தானாகச் சொல்கிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. வெப்பத்துக்கும் முறுக்கு விசைக்கும் இடையே ஆற்றல் அழியாமை என்னும் விதி நிற்பதால், அங்கே தவறுகள் ஒளிந்துகொள்ள இடமில்லை.

பொட்டிபுரத்தின் இரும்பும் இதே பாடமும்

போடிநாயக்கனூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பொட்டிபுரம், முற்றிலும் வேறொரு துறையில் இதே பாடத்தைச் சொல்லும் ஊராகும். மலைக்கு அடியில் 1 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறையின் காப்பில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. காட்டையும் நீரையும் பற்றிய கவலையோடு ஊர்மக்களும் சூழலியலாளரும் எதிர்ப்புத் தெரிவித்தனர், வழக்குகள் நடந்தன, புலிகளின் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டி 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. ஆய்வகம் கட்டப்படவில்லை. ஆயினும் அதற்கென வகுக்கப்பட்ட கருவி ஆண்டுக்கணக்கில் கணினிக்குள் இயங்கி வந்திருக்கிறது.

5.6 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுகளை 151 அடுக்குகளாக அடுக்கி, மொத்தம் 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி, அதன் வழியே செல்லும் மியூவான் துகள்கள் எப்பக்கம் வளைகின்றன என்று பார்ப்பதே அக்கருவியின் அடிப்படை. இரும்புக்குள் காந்தப்புலம் ஏறத்தாழ 1.5 டெஸ்லா அளவில் இருக்க வேண்டும். கெட்டி இரும்புக்குள் கருவியை நுழைத்து அதை அளக்க முடியாது என்பதால், பற்றவைப்பில் பயன்படும் அதே வகைக் கட்டமுறைக் கணக்கால் புலத்தைக் கணித்தனர். ஒரே அடுக்கில் பல தகடுகளை அருகருகே வைக்கும்போது, இரு தகடுகள் சேரும் இடத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளி விழுவது இயல்பு. காந்தப்புலத்துக்குச் சில மில்லிமீட்டர் காற்று என்பது சில மீட்டர் இரும்புக்கு ஈடான தடை. இரும்பின் குணம் துல்லியமாகத் தெரிந்திருந்தும், தகடு தகட்டைத் தொடும் இடம் எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தே விடை மாறியது.

அதை அறிய மதுரையில் 11 அடுக்கு இரும்புத் தகடுகளோடு 85 டன் எடையில் ஒரு சிறு முன்மாதிரியைக் கட்டி, தகடுகளுக்கு இடையிலான மெல்லிய இடைவெளியில் ஹால் உணரிகள் என்னும் காந்தப்புல அளவிகளைச் செருகி அளந்து, கணினி சொன்னதோடு ஒப்பிட்டனர். அலுமினியத் தகட்டில் தெர்மோகப்பிள் செய்யும் பணியை இரும்பு அடுக்கில் ஹால் உணரி செய்தது. நியூட்ரினோவைத் தேடுவோரும் எரிபொருள் தொட்டியைப் பற்றவைப்போரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்: பொருளின் உள்ளே நடப்பதைக் கணக்குச் சொல்லும், பொருள்கள் சந்திக்கும் இடத்தில் நடப்பதை அளந்துதான் அறிய வேண்டும்.

போடிநாயக்கனூரின் அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பயிலும் ஒரு மாணவர் இக்கட்டுரையின் 3,900 வாட் கணக்கைத் தம் கைக்கணினியிலேயே போட்டுப் பார்க்கலாம். ரோசென்தாலின் சமன்பாட்டை ஒரு மாலைப்பொழுதில் நிரலாக எழுதி, நகரும் வெப்பத்தின் வண்ணப் படத்தையும் திரையில் கொண்டுவரலாம். அதன்பின் செய்ய வேண்டியது, கல்லூரிப் பட்டறையின் மில்லிங் எந்திரத்தில் ஒரு சுழல்கருவியைப் பொருத்தி, ஒரு துண்டு அலுமினியத்தில் இரண்டு மூன்று தெர்மோகப்பிள்களைச் செருகி, திரையில் கண்டதும் தகட்டில் கண்டதும் எங்கே விலகுகின்றன என்று பார்ப்பது. அவை விலகும் இடத்தில் சோர்ந்துவிட வேண்டியதில்லை. போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறுவது முதல் ஏவூர்தித் தொட்டியின் இணைப்பு உறுதிபெறுவது வரை, அறியப்படாத எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்த விலகலே விரல் நீட்டிக் காட்டுகிறது.